ஜப்பான் தாளில் மதக் கேள்வி: ஜென்னை ஒரு பத்தியில் முடியுங்கள்

முடிவு வந்துவிட்டது. முதுகலை வரலாற்றில் நான் மிகவும் பயந்த கிழக்காசியத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது. நெடுவினாவாக, எல்லோரும் எதிர்பார்த்ததே வந்தது: நிலப்பிரபுத்துவ ஜப்பானில் மதத்தின் பங்கு.

கைமாறி வரும் குறிப்புகளெல்லாம் தியானத்தை மையமாகக் கொண்ட பௌத்தப் பிரிவான ஜென்னைப் பற்றி 'ஜென் சாமுராய்களின் மதம்' என்று தொடங்கி, தியானம், தேநீர், வாள் என்று பக்கங்களை நிரப்புகின்றன. பார்த்தாலே எரிச்சல் வரும். ஜென் மடங்கள் ஷோகன்களுக்கு (படைத்தலைவர்களாக இருந்து நாட்டை ஆண்டவர்கள்) சீன வணிகத் தொடர்பும் எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்களும் கொடுத்தன என்று எழுதிவிட்டு நகருங்கள்.

நான் பிடித்துக்கொண்டது மூன்று கேள்விகள்: நிலம் யாருடையது, ஆயுதம் யார் கையில், ஊர்க்கணக்கு யாரிடம்?

- நிலம்: ஹியெய் மலையின் என்ரியாகுஜி பௌத்த மடம். மானிய நிலங்கள், ஆயுதம் தாங்கிய துறவிகள். எதிரிப் படைக்கு இடம் கொடுத்ததால் 1571இல் போர்த்தலைவர் ஓடா நொபுனாகா எரித்தார்.
- ஆயுதம்: 1488இல் காகா மாகாணத்தில் ஷின்ஷூ (அமிதாப புத்தரை வழிபடும் பிரிவு) பக்தர்கள் ஆளுநரையே வீழ்த்தினார்கள்.
- ஷிந்தோ (ஜப்பானின் பூர்வீகத் தெய்வ வழிபாடு): போர்க்குலமான மினமோதோக்களின் குலதெய்வம் ஹச்சிமான். இது போதும்.

1588ஆம் ஆண்டின் வாள் பறிமுதல் ஆணையை மட்டும் விடாதீர்கள். குடியானவர்களின் வாள்களைப் பிடுங்கிய ஹிதேயோஷி (நொபுனாகாவுக்குப் பின் ஜப்பானை ஒன்றிணைத்தவர்), அவற்றை உருக்கிப் பெரிய புத்தர் சிலைப் பணிக்கு ஆணி அடிக்கப்போவதாகவும், அதனால் கொடுத்தவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை என்றும் அறிவித்தார். நிராயுதபாணியாக்குவதற்குப் புண்ணியக் கணக்கு! இந்த ஒரு சான்று பாதி விடையைத் தாங்கும்.

மீதிப் பாதிக்கு ஊர்க்கணக்கு. கிறிஸ்தவக் குடியானவர்கள் பெருமளவில் சேர்ந்த 1637-38 ஷிமபாரா கிளர்ச்சிக்குப் பிறகு கிறிஸ்தவர்களைத் தேடும் வேட்டை இறுகியது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்று சான்று பெற வேண்டும். திருமணமோ பயணமோ, அந்தச் சான்று தேவைப்பட்டது. பூசை செய்த கோயிலே அன்று ஆண்ட டோக்குகாவா ஷோகன் அரசின் பதிவு அலுவலகமும் ஆனது.

ஆண்டுகளைக் குருட்டு மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவராது. காரணத்தோடு கோத்த ஐந்தாறு ஆண்டுகளே போதுமாக இருந்தன. உங்களுக்கு நினைவாற்றல் அதிகமென்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி முதல் ஷோகன் ஆட்சியான காமகுரா காலத்தோடு நின்றால், அது முடிந்த 1333ஐத் தாண்டாதீர்கள். அப்போது ஹோனென், அவருடைய சீடர் ஷின்ரான் என்ற இரு துறவிகளையும் விரியுங்கள்: அமிதாப புத்தரின் பெயரைச் சொன்னாலே கதி உண்டு என்றதால், மடத்துக்குத் தானம் கொடுக்க வழியில்லாத உழவனுக்கும் மோட்சம் எட்டியது. பழைய மடங்கள் அவர்கள்மேல் ஏன் பாய்ந்தன என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.