800 மீற்றரில் ஒரு குசினி

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நிலம் என்றால் தட்டையானது. எந்தத் திசையில் நடந்தாலும் கடைசியில் கடலோ களப்போ வந்துவிடும். அப்படிப்பட்ட நான், சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்தில் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு விடுதியில் கோப்பை கழுவும் வேலைக்கு வந்து சேர்ந்தது ஒரு மார்கழியில். ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கைப் பனியாறு அரைத்துக் குடைந்திருப்பதால், அடி அகன்றும் இருபுறப் பாறைகள் சுவர்போல் நிமிர்ந்தும் நிற்கின்றன. மார்கழி வெயில் தெற்குச் சிகரங்களுக்கு மேலே சற்று நேரமே தலைகாட்டும். குசினி யன்னலில் அது விழுகிற நேரத்துக்காகக் கைகளைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

இங்கே உயரம்தான் நாட்காட்டி என்பது விளங்க எனக்கு ஓராண்டு பிடித்தது. 100 மீற்றர் ஏறினால் வெப்பநிலை அரைப் பாகைக்கு மேல் குறையும். அதனால் பள்ளத்தாக்கில் மரங்கள் பூத்துக் குலுங்கும்போது 2061 மீற்றரிலுள்ள கிளைன ஷைடெக்கில் பனி கிடக்கும். 3454 மீற்றரிலுள்ள யுங்ஃபிராவ்யொக்கில் ஆடி ஆவணியிலும் பனிதான். குளிர்காலத்தில் சறுக்க வருபவர்களும், கோடையில் நடக்க வருபவர்களும், பனியைத் தொட்டுப் பார்க்கவே எந்த மாதத்திலும் வருபவர்களும் ஒரே தடத்தில் ஏறுகிறார்கள்.

அந்தத் தடத்தை நினைக்கும்போதெல்லாம் அதை வெட்டியவர்களை நினைப்பேன். கிளைன ஷைடெக்குக்குப் பற்சக்கர ரயில் 1893இல் வந்தது. அங்கிருந்து மேலே போகும் பாதையை அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் 1896இல் தொடங்கினார். 1899இல் அவர் இறந்துவிட, வேலை 1912இல்தான் முடிந்தது. ஐகர், மொங்க் ஆகிய மலைகளின் வயிற்றுக்குள் 7 கிலோமீற்றருக்கு மேல் குடைந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த இத்தாலியர்கள். வெடி விபத்துகளில் பலர் மாண்டார்கள். இன்று இந்த மலைகளின் விடுதிக் குசினிகளில் போர்த்துக்கேயரும் எங்கள் ஆட்களும் நிற்கிறோம். சுற்றுலாப் படங்களில் மலை மட்டும் தெரிவது எனக்கு எப்போதும் நெருடலாகவே இருக்கிறது.

பக்கத்து வீட்டு விவசாயி ஒருவரே எனக்கு இந்த ஊரைக் கற்றுத் தந்தார். கோடையில் மாடுகளோடு மேலே மேய்ச்சல் நிலத்துக்குப் போய்ப் பாற்கட்டி செய்வார். குளிர்காலத்தில் சறுக்குவோரை ஏற்றும் இழுவைக் கதிரைகளுக்குக் காவல் நிற்பார். புரட்டாதியில் மாடுகள் கழுத்தில் பெரிய மணிகளும் தலையில் பூக்களுமாக இறங்கி வந்த நாளில், "உங்கள் ஊரில் மாடுகள் கோடையில் எங்கே போகும்?" என்று கேட்டார். அறுவடை முடிந்த வயலில் அவிழ்த்து விடுவோம் என்றேன். மனிதர் தலையை ஆட்டி, "அப்படியானால் உங்கள் மாடுகளுக்கும் பருவம் தெரியும்" என்றார். அந்நியன் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் கொஞ்சம் கரைந்தது.

ஒருநாள் அவர் என்னைத் திறுமெல்பாக் அருவிக்கு அழைத்துப் போனார். ஐகர், மொங்க், யுங்ஃபிராவ் பனியாறுகளின் உருகுநீர் பாறைக்குள்ளேயே சுழன்று விழும் இடம் அது. கோடை உச்சத்தில் நொடிக்கு 20,000 லீற்றர் வரை பாயும். ஈரப் பாறையில் உள்ளங்கையை வைத்தேன். இயந்திரம் ஓடும் தரைபோல் அதிர்ந்தது. பனியாறுகள் சுருங்கி வருவதை அங்கேதான் அவர் சொன்னார். தாழ்ந்த சரிவுகளில் இப்போது உறைகுளிர் இரவுகளில் நீரையும் அழுத்தக் காற்றையும் பீய்ச்சிப் பனி செய்கிறார்கள். அந்த இரைச்சல் என் அறை வரை கேட்கும்.

ஆண்டு முழுவதும் சுற்றுலா என்று சொன்னாலும் நடுவில் இரண்டு பள்ளங்கள் உண்டு. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் கார்த்திகையிலும் பல விடுதிகள் பூட்டப்படும். இதை இடைப்பருவம் என்பார்கள். முதலாம் ஆண்டு என் ஒப்பந்தம் சித்திரையில் முடியும் என்பதை அந்த விடுதியில் யாரும் எனக்கு விளக்கவில்லை. தாளில் இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. இரண்டு மாதம் சம்பளமில்லாமல், ஊருக்கு அனுப்ப வேண்டிய காசுக்குக் கடன் வாங்கினேன்.

இப்போது புதிதாகக் குசினிக்கு வரும் பிள்ளைகளை மலை காட்டக் கூட்டிப் போவதற்கு முன், ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, முடிவுத் திகதியைப் பேனையால் வட்டமிட்டுக் கொடுக்கிறேன்.