அம்மாட ரீலோட்ல கிழமைக்கு 390 ரூபா வெட்டுப்பட்ட கதை

நேற்றுத்தான் ஒரு முடிவுக்கு வந்தது. கோபம் இன்னும் அடங்கேல்ல, அதால நீளமா எழுதப்போறன். அம்மா அப்பாக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் குடுத்திட்டு தள்ளி இருக்கிற பிள்ளைகள் கட்டாயம் வாசியுங்கோ.

அம்மா திருகோணமலையில சாம்பல்தீவில தனிய இருக்கிறா, நான் உவர்மலையில. அப்பா இறந்து எட்டு மாசம். கனடாவில இருக்கிற அக்காவோட வீடியோ கோல் கதைக்கிறதுதான் அம்மாக்கு இருக்கிற ஒரே ஆறுதல், அதுக்காக நான் மாசா மாசம் ரீலோட் போட்டு விடுவன். ரெண்டு மாசமா "தம்பி, காசு நிக்குதில்லயடா" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. நான் முதல்ல கணக்கெடுக்கேல்ல, வீடியோ கூடப் பாக்கிறா போல எண்டு நினைச்சன். அதுக்கு இப்பவும் மனசு உறுத்துது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இருந்து பார்த்தா, ராசிபலன் மெசேஜ் ஒண்டு, கிரிக்கெட் ஸ்கோர் ஒண்டு, ரெண்டும் நாளுக்கு நாள் சில்லறைச் சில்லறையா வெட்டுது. அம்மா வாழ்க்கையில கிரிக்கெட் பார்த்ததே இல்ல. அது ரெண்டையும் நிப்பாட்டினன், அது லேசான வேலை. ஆனா அதுக்கு மேல கிழமைக்கு ஒருக்கா 390 ரூபா மொத்தமா போகுது, அது என்ன எண்டு மெசேஜ்ல விளங்கேல்ல.

ஹொட்லைனுக்கு எடுத்து 25 நிமிசம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பொடியன் வந்தார். "சேர், இது ஆப் ஸ்டோர் பில்லிங், எங்கட சேவை இல்ல, ஸ்டோர்லதான் கேக்கணும்" எண்டார் (ஆப்புக்குரிய காச சிம்ல இருந்தே ஸ்டோர் வெட்டிறது). காசு உங்கட ரீலோட்ல இருந்துதானே போகுது எண்டா, திருப்பியும் அதே பதில். இந்த இடத்த ஞாபகம் வச்சிருங்கோ, கடைசியில திரும்ப வாறன்.

அம்மாட போனைத் தோண்டினா, 'போன் கிளீனர்' எண்டு ஒரு ஆப். ஏதோ சமையல் வீடியோ பாக்கேக்க "உங்கட போன்ல வைரஸ்" எண்டு சிவப்பா விளம்பரம் வந்திருக்கு, பயத்தில அமத்தியிருக்கிறா. மூண்டு நாள் இலவசம், அதுக்குப் பிறகு கிழமைக்கிழமை காசு. அந்த விலை இருக்கிற வரிய நான் கண்ணாடி போட்டுத் தேடித்தான் கண்டுபிடிச்சன், வெள்ளைப் பின்னணியில சாம்பல் எழுத்து. 60 தாண்டின மனிசி எப்பிடிப் பாக்கும்?

நான் என்ன செய்தன், ஆப்பை அழிச்சன். சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். அடுத்த கிழமை திரும்ப 390. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது, சந்தா இருக்கிறது போன்ல இல்ல, கூகிள் எக்கவுண்ட்ல. ஸ்டோருக்குள்ள போய் சந்தா எண்ட இடத்தில கான்சல் பண்ணணும். இது அப்ப எனக்குத் தெரியாது.

தெரியாததால அடுத்த பிழையும் விட்டன். டவுனுக்குள்ள ஒரு போன் கடையில குடுத்தன். "வைரஸ் அண்ணா, ரீசெட் அடிச்சா எல்லாம் போயிரும்" எண்டு சொல்லி, பவர் பட்டனையும் சத்தம் கூட்டிற பட்டனையும் சேத்து அமத்தி ரீசெட் பண்ணிட்டார். பண்ணி முடிய போன் பழைய எக்கவுண்ட கேக்குது. அண்ட்ரொயிட் 5.1 வந்த 2015ல இருந்தே இந்தப் பூட்டு இருக்கு, களவெடுத்த போனை வேற ஆள் பாவிக்காம இருக்க. செட்டிங்ஸுக்குள்ளால ரீசெட் பண்ணியிருந்தா இந்தப் பூட்டு விழாது, பட்டனால பண்ணினா விழும். அம்மாக்கு மெயில் அட்ரஸும் தெரியாது பாஸ்வேட்டும் தெரியாது, போன் வாங்கின அண்டு அப்பாவும் கடைக்காரனும் சேந்து போட்டுக் குடுத்தது. கடைக்காரர் "3,500 தாங்கோ, பூட்டை உடைச்சுத் தாறன்" எண்டார். உடைச்சா போன் திறக்கும், சந்தா பழைய எக்கவுண்ட்ல அப்பிடியே கிடக்கும். வேண்டாம் எண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன். அந்தக் கிழமை அம்மாட சிம்மை பட்டன் போன்லதான் போட்டிருந்தம். அதிலயும் 390 போச்சு!

எக்கவுண்ட மீட்கப் பார்த்தா, கோட் போறது அப்பாட நம்பருக்கு. அப்பாட நம்பரை நாங்கள் விடேல்ல, சொந்தக்காரர் எல்லாரிட்டயும் இருக்கிற நம்பர், அப்பப்ப ரீலோட் போட்டு வச்சிருந்தம். ஆனா சிம் பழசு, போன மாசத்தோட செத்துப்போச்சு, எந்தப் போன்ல போட்டாலும் சிம் இல்ல எண்டுதான் காட்டுது. அப்ப புது சிம் எடுக்கணும், எடுக்கிறதெண்டா பதிஞ்சிருக்கிற ஆள் வரணும், பதிஞ்சிருக்கிறது அப்பா.

சிம் கொம்பனிட கிளைக்கு முதல் நாள் தனியப் போனன். "சிம்முக்குச் சொந்தமான ஆள் நேர வரணும்." இறந்திட்டார் எண்டன். தலைய நிமித்தாமலே "அப்ப மரண சான்றிதழும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டார். வேற ஏதும் வேணுமா எண்டு ரெண்டு தரம் கேட்டன், வேண்டாம் எண்டார்.

ரெண்டாவது நாள் அம்மாவ ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்தன். அவவுக்கு முழங்கால் ஏலாது, நிலாவெளி ரோட்டால பஸ்ஸில கொண்டுவர மனமில்ல. டோக்கன் எடுத்து ஒண்டேகால் மணித்தியாலம். அதே ஆள்தான். அப்பாட அடையாள அட்டைக் கொப்பியப் பார்த்திட்டு, "நம்பர் பிழை, இந்த ஆள்ட பேர்ல சிம் இல்ல" எண்டார். விசயம் என்னெண்டா சிம் எடுக்கேக்க அப்பாட்ட பழைய அட்டை, ஒன்பது இலக்கமும் V எழுத்தும். துலைச்சுப்போட்டுப் பிறகு எடுத்தது புது அட்டை, 12 இலக்கம். ரெண்டும் ஒரே ஆள்தான். பழைய நம்பருக்கு முன்னால 19 போட்டு, பழைய நம்பர்ட முதல் அஞ்சு இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 போட்டு, கடைசி V ஐ எடுத்துவிட்டா புது நம்பர் வரும். 2016ல இருந்து இந்த முறை இருக்கு. ஒவ்வொரு நாளும் அடையாள அட்டை பாக்கிற வேலையில இருக்கிறவருக்கு நான் பேப்பரில எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. எழுதிக் காட்டின பிறகு தட்டிப் பார்த்தார், அப்பாட பேர் வந்தது. அம்மா அந்தப் பேரைத் திரையில கண்டிட்டு சீலைத் தலைப்பால கண்ணத் துடைச்சா.

அதோட முடிஞ்சுதா எண்டா இல்ல. மரண சான்றிதழ் தமிழ்ல இருக்காம். "இத கொழும்புக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பணும், அங்க வாசிக்க ஆள் இல்ல, இங்கிலீஸ்ல மொழிபெயர்த்துக் கொண்டு வாங்கோ." திருகோணமலையில தமிழ்ப் பேப்பர் செல்லாதாம்! 1987ல அரசியலமைப்புக்கு வந்த 13ம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி ஆகிட்டுது, அரசாங்கம் தமிழ்ல தந்த பத்திரத்த ஒரு கொம்பனி வாசிக்க ஏலாதெண்டுது. சத்தம் போடத்தான் வந்தது, அம்மா கையப் பிடிச்சதால அடக்கிக்கொண்டன். அடக்கிக்கொண்டு ஒரு வேலை செய்தன், அதுதான் உருப்படியான வேலை: "என்னென்ன பேப்பர் வேணும் எண்டத ஒரு துண்டில எழுதி, உங்கட சீலும் குத்தித் தாங்கோ." அவர் தயங்கினார். உள்ள போய் ஆரிட்டயோ கேட்டு, எழுதித் தந்தார். வாயால சொன்னதில இல்லாத ஒரு சாமான் அந்தத் துண்டில இருந்தது, விவாகப் பதிவுச் சான்றிதழ். எழுதச் சொல்லாட்டி அதுக்கு இன்னொரு நாள் போயிருக்கும்.

சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரிட்ட குடுத்து நாலு நாளில எடுத்தன். அவர் நல்ல மனிசன், பேர் எழுத்துகள அடையாள அட்டையோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதினார், இல்லாட்டி அதுலயும் ஒரு எழுத்துப் பிழையெண்டு திருப்பி அனுப்பியிருப்பாங்கள்.

மூண்டாவது நாள் போயா, பௌர்ணமி லீவு. பூட்டு. அது என்ட பிழை, கலண்டர் பாக்கேல்ல. ஆனா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தன், அதுதான் கவலை.

நாலாவது நாள் கவுண்டர்ல வேற ஒரு தங்கச்சி. துண்டை நீட்டினன், பேப்பர்களை அடுக்கினன், 40 நிமிசத்தில அப்பாட நம்பர் அம்மாட பேருக்கு மாறி புது சிம் கையில. என்னத்துக்கு இவ்வளவு அவசரம் எண்டு அவ கேட்டா. 390 கதையச் சொன்னன். "அண்ணா, அந்த ஸ்டோர் பில்லிங்கை அம்மாட நம்பருக்கு நான் ஓஃப் பண்ணிவிடவா? இனி சிம்ல இருந்து ஸ்டோருக்குக் காசு போகாது" எண்டா. ரெண்டு நிமிசம். ரெண்டே நிமிசம்! ஹொட்லைன்ல அண்டைக்கு எடுத்த பொடியன் இந்த ஒரு வசனத்தச் சொல்லியிருந்தா, அம்மாட காசு அண்டைக்கே நிண்டிருக்கும். ஆப் ஸ்டோர் பில்லிங்கை என்ட நம்பருக்கு நிப்பாட்டுங்கோ எண்டு அப்பிடியே கேளுங்கோ. "ஏன் காசு வெட்டுது" எண்டு கேட்டா ஸ்டோரக் கைகாட்டிக்கொண்டே இருப்பாங்கள்.

அண்டு பின்னேரமே கோட் வந்தது, எக்கவுண்ட் திறந்தது, சந்தாவ கான்சல் பண்ணினன். போன் பூட்டு மட்டும் பாஸ்வேட் மாத்தினதால ஒரு நாள் காத்திருக்க வச்சு, அடுத்த நாள்தான் திறந்தது. அம்மா முதல் வேலையா அக்காவுக்கு எடுத்தா.

காசு விசயம். மொத்தம் எட்டுத் தரம் வெட்டியிருக்கு, 3,120 ரூபா. கடைசித் தரம் வெட்டினது கான்சல் பண்ணினதுக்கு முதல் நாள்தான், 48 மணித்தியாலத்துக்குள்ள எண்டதால ஸ்டோர்ல கேட்டன், அந்த 390 திரும்ப வந்திட்டுது. மற்ற ஏழு தரத்துக்கும் "48 மணித்தியாலம் தாண்டிட்டுது, ஆப் செய்தவரிட்ட கேளுங்கோ" எண்டு பதில். ஆப் செய்தவருக்கு மூண்டு மெயில் போட்டன், ஒரு பதிலும் இல்ல. எனக்கு இதுதான் ஏற்க முடியேல்ல. வெட்டிற நேரம் ஸ்டோரும் கமிஷன் எடுக்குது. 2020ல எபிக் கேம்ஸ் எண்ட கேம் கொம்பனி ஆப்பிள் மேலயும் கூகிள் மேலயும் வழக்குப் போட்டதும் இந்தக் கமிஷன் சண்டையிலதான், அவ்வளவு பெரிய காசு அதில புழங்குது. பங்கு எடுக்கேக்க எல்லாரும் ஆள், திருப்பிக் கேக்கேக்க ஒருத்தரும் இல்ல.

உங்கட அம்மாட போனை இண்டைக்கே எடுத்து ஸ்டோர்ல சந்தா இருக்கா பாருங்கோ. காசு கட்டுற முறையில சிம் இருந்தா எடுத்துவிடுங்கோ. வாங்கிற ஒவ்வொரு தரமும் பாஸ்வேட் கேக்கிற மாதிரி வையுங்கோ. மீட்புக்குக் குடுத்திருக்கிற நம்பர் உயிரோட இருக்கிற ஆள்ட பேர்ல இருக்கா எண்டும் பாருங்கோ.

அதோட #132# அடிச்சா ஒரு அடையாள அட்டைக்கு எத்தின சிம் பதிஞ்சிருக்கு எண்டு பாக்கலாம். நேற்றிரவு அம்மாட நம்பரில அடிச்சுப் பார்த்தன். அம்மா எடுக்காத சிம் ஒண்டு அவட பேர்ல இருக்கு. திங்கக்கிழமை அந்தத் தங்கச்சி இருக்கிற கவுண்டருக்குத்தான் போகப்போறன், இந்தத் தரம் கலண்டர் பார்த்திட்டன்.