சேவ் ஃபைலுக்கு ஒரு பேட்டரி

மார்ச் 3

அண்ணனின் பழைய கேம்பாய் (கையடக்க வீடியோ கேம் கருவி) கார்ட்ரிட்ஜ்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டம். சாதாரண ஸ்க்ரூடிரைவர் உட்காராது, அந்தத் திருகுக்கென்றே தனி முனை வேண்டும். உள்ளே சின்ன பச்சை போர்டு, அதன்மேல் ஒரு பட்டன் பேட்டரி. ஆட்டத்தை எங்கே நிறுத்தினோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் சிப்புக்கு அந்தப் பேட்டரிதான் உயிர். அது தீர்ந்தால் சேவ் போச்சு.

போகிமான் கோல்டு ஏற்கெனவே போய்விட்டது. அதில் இரவு பகல் காட்ட ஒரு கடிகாரமும் உண்டு. அலமாரியில் சும்மா கிடந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் சீக்கிரம் காலியாகும். 1996இல் வெளிவந்த போகிமான் ரெட் கார்ட்ரிட்ஜில் அந்தக் கடிகாரம் இல்லை. அதில் சேவ் இன்னும் இருக்கிறது!

மார்ச் 4

ரெட்டின் பேட்டரியைக் கழற்றும் முன் சேவ் ஃபைலைக் கணினிக்கு நகலெடுத்தேன். மொத்தம் 32 கிலோபைட். போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவின் அளவுக்குள் இதுபோல எத்தனையோ அடங்கும். அந்த ஆட்டத்தில் எதிராளிக்கு நாமே பெயர் வைக்கலாம். திறந்து பார்த்தால், அண்ணன் வைத்திருந்தது என் பெயர். போன் செய்து கேட்டேன். “அன்னைக்கு உன்மேல கோபமா இருந்திருப்பேன்டா” என்றான். ரொம்ப நேரம் பேசினோம்.

மார்ச் 6

புது பேட்டரி சால்டர் செய்தாயிற்று. சேவ் ஃபைலைத் திரும்ப ஏற்றினேன், ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.

மார்ச் 10

இந்த வேலையைச் செய்ததிலிருந்து ‘தி க்ரூ’ பற்றியே யோசனை. 2014இல் வந்த கார் ஆட்டம். தனியாக ஓட்டினாலும் இணையம் கட்டாயம். 2024 மார்ச் 31இல் சர்வரை அணைத்தார்கள். அதோடு, வட்டு கையில் வைத்திருப்பவரும் ஆட முடியாமல் போயிற்று. என் கார்ட்ரிட்ஜுக்கு சால்டரிங் கம்பி போதும், இதற்கு வேண்டிய சர்வர் ஆடுபவர் கையில் இல்லை. வயதாகிக் கெட்டுப்போவதை நான் ஏற்றுக்கொள்வேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை, காசு கொடுத்தவர் கையிலிருந்து பிடுங்குவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

முடியாத காரியமும் இல்லை இது. அதே தொடரின் இரண்டாம் ஆட்டத்துக்கு 2025இல் ஆஃப்லைன் வசதி வந்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால்தான் வந்தது என்பது என் எண்ணம். ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். காலம் முழுக்க சர்வரை ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள்.

மார்ச் 15

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. பழைய ஆட்டங்கள் பல இன்னும் ஆடக் கிடைப்பதற்குக் காரணம், எமுலேட்டர் (பழைய கருவியைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்) எழுதியவர்களும் சிப்பைப் படித்து நகலெடுத்து வைத்தவர்களும்தான். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. அவர்களைத் திருடர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 19

அக்கா மகன் போனில் ஒரு நகரம் கட்டிக்கொண்டிருக்கிறான். பள்ளிக்கூடம், பாலம், தெருப்பெயர் எல்லாம் அவனே யோசித்தது. “மாமா, இதையும் உங்க கம்ப்யூட்டர்ல எடுத்து வைங்க” என்றான். தேடிப் பார்த்தேன். போனில் சேவ் ஃபைலே இல்லை, எல்லாம் நிறுவனத்தின் சர்வரில்.

டிஜிட்டல் ஆட்டத்தை விற்கும்போது, கிடைப்பது ஆடுவதற்கான உரிமம் (லைசென்ஸ்) மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் போதாது. சர்வர் எதுவரைக்கும் ஓடும், நின்ற பிறகு என்ன மிஞ்சும், இந்த இரண்டையும் விற்கும் அன்றே எழுதிக் கொடுக்கட்டும். சேவ் ஃபைலை இறக்கிக்கொள்ள ஒரு பட்டனும் வேண்டும். அந்தச் சிறுவன் கட்டியதும் சில கிலோபைட்தானே.