ஒரு மில்லிமீட்டர் வண்டுக்குப் பெயர் வைப்பதற்குள்

தென்னாப்பிரிக்க மலைக்காட்டுச் சருகில் கிடைத்த டிலியிடே குடும்பத்து இறகுச்சிறகு வண்டு, நீளம் ஒரு மி.மீ.கூட வராது. ஒருவழியாக அதைப் புது இனமாக விவரித்துப் பெயர் வைத்தாயிற்று. அடுத்து இறங்குபவர்களுக்காக, இழுத்தடித்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதல் முட்டுக்கட்டை சேகரிப்பு அனுமதி. விண்ணப்பத்தில் 'இனம், எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். பெயரே இல்லாத இனத்துக்கு அங்கே எதை எழுதுவது? 'டிலியிடே, இனம் தெரியாதது' என்றதை முழுமையற்றது என்று திருப்பிவிட்டார்கள். குடும்பங்களின் பட்டியல், சலிக்கப்போகும் சருகு எத்தனை லிட்டர், மாதிரிகளை ஏற்கும் அருங்காட்சியகத்தின் கடிதம், இம்மூன்றும் சேர்ந்த பிறகே கோப்பு நகர்ந்தது. ஏற்றுமதி அனுமதி தனி. அது கைக்கு வராமல் குப்பியை நாடு கடத்தாதீர்கள்.

சலித்தது, விங்க்ளர் பையில் (சருகு காயக்காய அதிலுள்ள பூச்சிகள் கீழே இறங்கும் துணிப்பை) தொங்கவிட்டது, ஆல்கஹாலில் சேர்த்தது எதிலும் சிக்கலில்லை.

இக்குடும்பத்தில் வெளித்தோற்றம் பெரும்பாலும் போதாது. பெண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கும் விந்து சேமிப்புப் பையைப் பார்த்தே ஆகவேண்டும். அதைச் சுற்றிய தசையைக் கரைக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10% கரைசலைச் சூடாக்கச் சொல்லும் குறிப்புகள் பெரிய வண்டுகளுக்கானவை. இதற்கு அறை வெப்பமே போதும், அடிக்கடி எடுத்துப் பாருங்கள். மிஞ்சினால் எல்லாம் வெளிறி, எது எங்கே என்றே தெரியாது. யூப்பராலில் (ஸ்லைடில் பொதிக்கும் பிசின்) வைக்குமுன் ஆல்கஹாலால் நீரை எடுத்துவிடுங்கள், நீர் அதிகம் தங்கினால் ஸ்லைடு பாலாக வெளுக்கும். மூடுகண்ணாடிக்கு அடியில் கண்ணாடிச் சில்லுகளை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் பை நசுங்கி வளைவு மாறும். நசுங்கிய வளைவை நம்பினால் இல்லாத இனத்துக்குப் பெயர் வைத்துவிடுவீர்கள்.

மனம் நொந்தது ஒப்பிட வேண்டிய பழைய இனத்தின் டைப் மாதிரிக்காகத்தான் (அந்த இனப் பெயருக்கு ஆதாரமான மாதிரி). ஓர் அருங்காட்சியகத்திலிருந்து வெகுநாள் பதிலே இல்லை. கடைசியில் வந்தது அட்டையில் ஒட்டிய வண்டின் முதுகுப் படம் மட்டும். தேவையோ வயிற்றுக்குள் இருப்பது. கடன் கேட்கும் முதல் கடிதத்திலேயே அறுத்துப் பார்க்கவும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மாதிரி வந்தபோது பழைய பசை வெதுவெதுப்பான நீரில் இளகிக்கொடுத்தது. வயிறு முழுசாக இருந்தது! பையின் நுனிச் சுருள் எங்கள் வண்டில் இரண்டு, அந்த டைப் மாதிரியில் ஒன்றே. அன்றுதான் இது புது இனம் என்று உறுதியாயிற்று.

புது இனத்தை விவரித்த கட்டுரையின் மெய்ப்பில் இன்னொரு அதிர்ச்சி: பக்க வடிவமைப்பில் ஸூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவெண் விழுந்துபோயிருந்தது. மின்னிதழில் மட்டும் வரும் கட்டுரைக்கு 2012 முதல் பதிவு செய்தால் போதாது, பதிவு செய்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே அச்சாகவேண்டும். இல்லையேல் பெயர் செல்லாது. ஹோலோடைப் (புதுப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) எந்த ஊரில், எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்ற வரியும் கட்டாயம். இரண்டையும் கடைசி மெய்ப்பில் நீங்களே தேடிப் பாருங்கள், பதிப்பாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.