பாரிஸின் மூத்த வீடு எது? அக்காவோடு ஒரு வழக்கு

ஊர் திரும்பி இரண்டு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. தலைக்கு 25 யூரோ வாங்கிய நடைப்பயண வழிகாட்டி, மரே பகுதியில் பிரான்சுவா மிரோன் தெருவின் 11, 13 எண் வீடுகளைக் காட்டி, "நகரத்திலேயே பழைய வீடுகள் இவைதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் ஓடும் ஒல்லியான வீடுகள். அக்கா உடனே நம்பிவிட்டாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. தீ விபத்துக்குப் பயந்து 17ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட மரச்சட்டங்களைக் காரை பூசி மூடச் சொன்னார்கள். இந்த வீடுகளின் சட்டங்கள் 1960களில் நடந்த பழுதுபார்ப்பில்தான் மறுபடி வெளியே வந்தன. தோற்றத்தை வைத்து வயது சொல்லலாமா?

சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வோல்தா தெருவின் 3ஆம் எண் வீடு இருக்கிறது. பாரிஸின் மூத்த வீடு என்று நெடுங்காலம் அதைத்தான் கொண்டாடினார்கள். 1979இல் ஆராய்ந்து பார்த்தபோது, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது என்று தெரியவந்தது. முந்நூறு வயதுக்கும் மேல் கழிந்துபோனது!

உண்மையான மூத்த வீட்டை அக்காவுக்குக் காட்ட, பிரான்சுவா மிரோன் தெருவிலிருந்து மோன்மோரான்சி தெருவுக்கு நடந்தே போனோம். முதல் நாள் டாக்சி ஓட்டுநர் செய்த வேலையால் கையிருப்பு இளைத்திருந்தது. சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து சேன் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ என்பது நிர்ணயித்த கட்டணம். பெட்டிக்கோ இரவுக்கோ கூடுதலாகக் கேட்கக் கூடாது. அவர் 80 வாங்கிவிட்டார். அதிகம் போன காசில் மெட்ரோ டிக்கெட் ஒன்பது வாங்கியிருக்கலாம். நிர்ணயித்த கட்டணம்தானா என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

51ஆம் எண் வீடு கல் வீடு. தூண்களில் இசைக்கருவி வாசிக்கும் தேவதூதர்கள். அவற்றுக்கு மேலே, முகப்பின் அகலத்துக்கு ஒற்றை வரியாக ஒரு கல்வெட்டு. "ஆண்டு எங்கே?" என்றாள் அக்கா. எண்ணாகத் தேடினால் கிடைக்காது. படமெடுத்துப் பெரிதாக்கி, ஆயிரத்து நானூற்று ஏழு என்று பழைய பிரெஞ்சில் எழுத்தால் வெட்டியிருப்பதைக் காட்டினேன். கட்டியவர் நிக்கோலா பிளாமெல். கையெழுத்துப் பிரதி எழுதிச் சம்பாதித்தவர்; ரசவாதி என்பது பின்னால் கட்டிய கதை.

"கீழே உணவகம் நடக்கிறது. பிளாமெலும் இங்கே குடியிருக்கவில்லையாமே. இது எப்படியடி வீடாகும்?" என்று அக்கா மடக்கினாள். நல்ல கேள்விதான். ஆனால் ஏழைகள் தங்குவதற்கென்றே கட்டியது இது. இறந்தவர்களுக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும் என்று குடியிருப்பவர்களைப் பணிக்கிறது அந்தக் கல்வெட்டு. ஆள் வாழக் கட்டியது, கட்டிய ஆண்டைத் தானே சொல்கிறது. வேறென்ன சான்று வேண்டும்?

ராம்புத்தோ மெட்ரோவிலிருந்து சில நிமிட நடை. தெருவில் நின்றே பார்க்கலாம், காசு வேண்டாம். ரோசியர் தெருவுக்குப் போய், கத்தரிக்காய் வறுவலும் எள் சாறும் வழிகிற ஃபலாஃபல் ரொட்டியை நின்றுகொண்டே தின்றோம். அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு அதுதான். பாதி ரொட்டியில் அக்கா கேட்டாள்: "அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு."