எமனுக்கு ஐந்து கட்டை

அக்டோபர் 22

'சத்தியவான் சாவித்திரி' நாடகத்தில் எமன் வேடம் என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை எமனாக ஒத்திகை பார்த்துவந்தவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்துவிட்டது. அசுவபதியின் மந்திரியாக வந்து இரண்டு வரி பேசிவிட்டுப் போகும் என்னை வாத்தியார் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, சுருதியை ஒவ்வொரு கட்டையாக ஏற்றிக்கொண்டே போனார். நாலு கட்டையில் குரல் ஒழுங்காக நின்றது, நாலரையில் நடுங்கியது, ஐந்தில் கண் பிதுங்கியது. "நாடகம் ஐந்துலதான்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

இசை நாடகத்தில் ஆணுக்கொரு சுருதி, பெண்ணுக்கொரு சுருதி என்பது கிடையாது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்க வேண்டியிருப்பதால் ஆர்மோனியத்தின் சுருதி நாடகம் முடியும்வரை நகராது. எங்கள் சாவித்திரி ஐந்து கட்டையில் பாடுகிறார். ஆகவே எமனும் அங்கேதான் ஏறி நிற்க வேண்டும்.

வீட்டில் சொல்லவில்லை. மந்திரி வேடம் என்றே இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 23

மழை. ஒத்திகை இல்லை. தீபாவளி முறுக்கில் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிட்டதால் தொண்டையைக் காரணம் காட்டித் தப்பித்தேன்.

அக்டோபர் 25

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும் நேரம்தான் எனக்குச் சாதக நேரம். ரெட்டிச்சாவடி தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு சுருதி பிடிப்பது, கிருமாம்பாக்கம் வரை விருத்தத்தை மனத்துக்குள் ஓட்டுவது, அரியாங்குப்பத்தில் கூட்டம் ஏறிய பிறகு அந்த இரைச்சலின் மறைவில் மேல் சட்சமம் என்னும் உச்ச 'ஸ'வைத் தொட்டுப் பார்ப்பது என்று ஒரு முறை வைத்திருக்கிறேன். நடத்துநர் இன்று திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி ஆள்வரைக்கும் குரல் போக வேண்டியிருந்ததால் இந்த உயரம் வழக்கமாயிற்று என்கிறார் வாத்தியார். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு ஒன்றைத் தம் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். 1933இல் இறந்தபோது கிட்டப்பாவுக்கு வயது 27. எனக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. இந்த வயதில் கட்டை ஏறுமா என்று கேட்டதற்கு, இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளும் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர்தான் என்று ஆறுதல் சொன்னார்கள். அவர் கணக்கை விட்டு வந்தது 24 வயதில் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம் வாங்கி வந்தேன்.

அக்டோபர் 26

தெரிந்துவிட்டது. சாவித்திரியாக நடிக்கும் அம்மையார் ஒத்திகை நேரம் மாறியதைச் சொல்ல வீட்டுக்குப் பேசியிருக்கிறார். எடுத்தவள் இவள். அந்தம்மாள் பழக்கத்தில், "எமன் சார் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்.

இவள் சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உள்ளே படுத்திருக்கும் மகளின் காதில் விழாதபடி, "வேற வேஷமே கிடைக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பழைய நாடகக்காரர்கள் சொல்லும் கதைதான். சுவாமிகள் வேடம் கட்டி ஆடிய நாட்களில் எமனாக வந்து முழங்கியதைக் கேட்டு, கூட்டத்திலிருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்குக் கரு கலைந்ததாம். இன்னோர் ஊரில் சனீசுவரன் வேடத்தோடு விடியற்காலையில் குளத்துக்குப் போனவரைக் கண்டு, துணி வெளுக்க வந்த பெண் அதிர்ச்சியில் உயிரை விட்டாளாம். அதற்குப் பிறகு அவர் வேடம் கட்டுவதை விட்டுவிட்டு எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலுமே இருந்துவிட்டார் என்று சொல்வார்கள். இந்தக் கதையை இவளுக்குச் சொன்னவனே நான்தான். போன வருடம், ஒரு சுவாரசியத்துக்காக.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சுவாமிகளின் நடிப்பு எவ்வளவு உக்கிரமாக இருந்தது என்று சொல்வதற்காகப் பிறகு வந்தவர்கள் பெருக்கிச் சொன்னதாக இருக்கலாம். அப்படியே நடந்திருந்தாலும் அது அவர் குரல். நாலரையில் நடுங்குகிறவனைப் பார்த்து எந்தக் கருவும் அஞ்சப்போவதில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்ட பிறகும், நேற்று இரவு தெரு முனையிலேயே பாட்டை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்தேன்.

அக்டோபர் 28

துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.

பாசக்கயிறு வாங்க முதுநகர் போயிருந்தேன். மீன்பிடிச் சாமான் கடையில் நைலான் கயிறு வகைவகையாக இருக்கிறது. ஆனால் நைலான் சுருளாக நிற்குமே தவிர, வீசினால் சத்தியவானின் கழுத்தில் தழைந்து விழாது. விரல் தடிமனில் பருத்திக் கயிறாகப் பார்த்து, கையில் சுற்றி, கடைக்காரருடைய தராசின் மீதே இரண்டு தரம் வீசிப் பார்த்து வாங்கினேன். கொல்லையில் மாட்டி வைத்துவிட்டுக் குளித்து வருவதற்குள், இவள் அதைத் தாழ்வாரத்தில் கொடியாகக் கட்டி, குழந்தைக்கென்று கிழித்துத் துவைத்த பழைய வேட்டித் துணிகளை வரிசையாகப் போட்டிருந்தாள். "நல்ல கயிறுங்க, எங்க வாங்குனீங்க?" என்றாள். வேறு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அக்டோபர் 31

எமனும் சாவித்திரியும் பாட்டிலேயே வாதாடும் தர்க்கத்தை இன்று முழுதாகப் பார்த்தோம். சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் மற்ற எல்லாமே இந்தக் கட்டத்துக்கு வந்து சேருவதற்கான வழிதான் என்பது என் அபிப்பிராயம். உயிரை எடுத்துக்கொண்டு எமன் தென்திசை நோக்கி நடக்கிறான், அவள் பின்தொடர்கிறாள், அவன் திரும்பிப்போகச் சொல்கிறான், அவள் கேட்கும் வரங்களை, கணவனின் உயிர் நீங்கலாக, ஒவ்வொன்றாகக் கொடுக்கிறான். மாமனாருக்குக் கண் பார்வையும் நாடும், தகப்பனுக்கு ஆண் வாரிசு, கடைசியில் தனக்குப் பிள்ளைகள். 'தந்தேன்' என்று சொன்ன பிறகுதான் கணவனில்லாமல் பிள்ளை ஏது என்பது எமனுக்கு உறைக்கிறது.

எமனுக்கு அது முன்பே தெரிந்திருக்கும், தெரிந்தேதான் இரங்கிக் கொடுக்கிறான் என்று நடிக்கலாமே என்றேன். எனக்கு அது அழகாகப் பட்டது. வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டார். "தெரிஞ்சே கொடுத்தா அது பிச்சை. அப்புறம் அவளுக்கு என்ன பெருமை? நீங்க ஏமாறணும், மெய்யா ஏமாறணும்" என்றார். நாரதர் என் பக்கம். பபூன் வாத்தியார் பக்கம். அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் வழியைக் காட்டியது தாளம்தான். சாவித்திரி தன் அடியை மேல் சட்சமத்தில் முடித்த கையோடு ஆர்மோனியம் அதை ஏந்திக்கொள்கிறது. மிருதங்கம், தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கு வருகிறது. அந்தத் தீர்மானம் விழும் இடத்தில் 'தந்தேன்' விழுந்தே ஆக வேண்டும். யோசிக்க எமனுக்கு நேரமே இல்லை. பாட்டே அவனை இழுத்துக்கொண்டுபோய்ச் சொல்ல வைத்துவிடுகிறது. ஏமாறுவதை நான் நடிக்கத் தேவையில்லை; காலப்பிரமாணத்தில் நின்றால் போதும். இதை எழுதிவைத்த மனிதருக்கு மேடை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்!

ஆனால் அந்த 'தந்தேன்' ஐந்து கட்டையில் மேல் சட்சமம்.

நவம்பர் 2

மருத்துவர் 20ஆம் தேதியை ஒட்டி இருக்கும் என்கிறார். தலை இன்னும் இறங்கவில்லையாம்.

நவம்பர் 4

ஒத்திகைக்கு முன்னால் எல்லோரும் கருவடிக்குப்பம் போய், மயானத்திலுள்ள சுவாமிகளின் நினைவிடத்தில் மாலை போட்டோம். 13ஆம் தேதி கூட்டம் இருக்கும் என்பதால் முன்கூட்டியே. 1922 நவம்பர் 13இல் அவர் இறந்தது இந்த ஊரில்தான். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தவர் என்று சொல்லப்படுகிறவர், கடைசியில் வாதத்தால் பேச்சு போய், தாம் உருவாக்கிய பையன்கள் தம் பாட்டைப் பாடுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார். அந்தப் பையன்களில் டி.கே.எஸ். சகோதரர்களும் உண்டு.

மற்றவர்கள் கும்பிட்டு நகர்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதப்போவதில்லை, கட்டையைப் பற்றியல்ல.

நவம்பர் 6

சம்பந்தி அம்மாள் பேசினார். மழை, மாப்பிள்ளையின் விடுப்பு, குங்குமப்பூ எல்லாம் விசாரித்துவிட்டு, "சம்பந்தி ஏதோ நாடகத்துல நடிக்கிறாராமே, சாமி வேஷமா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, தர்மராஜா வேஷம்" என்றாளாம் இவள். பொய்யில்லை. எமனுக்குத் தர்மராஜா என்றும் பெயர் உண்டு. இந்தச் சாமர்த்தியத்துக்கு நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் 8

எரிச்சலான நாள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆட வேண்டிய நாடகத்தை மண்டபத்துக்காரர்கள் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். பபூன் காமிக்கில் பாதி போயிற்று. சத்தியவானும் சாவித்திரியும் காட்டில் சந்திக்கும் இடத்தில் இரண்டு பாட்டு போயிற்று. தர்க்கத்தில் கை வைக்கப் பார்த்தபோது வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். இதோடு சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் மைக் வேறு. மைக் இருக்கும்போது கடைசி வரிசைக்குக் கேட்க ஐந்து கட்டை எதற்கு என்று நான் கேட்டது நியாயமான கேள்வியென்றே இப்போதும் நினைக்கிறேன். "கீழே பாடினா தர்க்கம் தாலாட்டாயிடும்" என்று ஆல்ரவுண்டு தாளக் கருவிகள் வாசிக்கும் பையன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நவம்பர் 9

தொண்டை கட்டிவிட்டது.

நவம்பர் 10

பேச்சு வருகிறது, பாட்டு வரவில்லை. ஒத்திகையில் வாயசைத்துக்கொண்டு மட்டும் நின்றேன். கலைந்து போகும்போது சாவித்திரி அம்மையார், "நாலரையில வெச்சுக்கலாம் சார், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார். கஷ்டம் இருக்கிறது. ஐந்தில் கணீரென்று கேட்கும் அவருடைய கீழ் இடங்கள் நாலரையில் மங்கிவிடும். ஆர்மோனியக்காரருக்கும் பிடிக்கவில்லை, வெள்ளைக் கட்டையில் பழகிய விரல்களைக் கறுப்புக் கட்டைக்கு மாற்றி, நாடகம் முழுவதையும் வேறு இடத்தில் வாசிக்க வேண்டும். இருந்தும் இன்று இரவு முழுக்கப் பழகிப் பார்க்கிறேன் என்றார். நன்றி சொல்லக்கூட எனக்குக் குரல் இல்லை.

வீட்டில் இவள் பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் கொடுத்தாள். எமனுக்குத்தானே கொடுக்கிறாய் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் குடித்தேன்.

நவம்பர் 12

வேட ஒத்திகை. முத்துவெள்ளையில் நீலம் கலந்து முகத்தில் பூசி, புருவத்தை மையால் நெற்றிவரை இழுத்து, மீசையைப் பசை போட்டு ஒட்டினார்கள். பசை இறுகும்போது மேலுதடு இழுபடுகிறது. 'ப', 'ம' சொல்வது சிரமம். எமனுக்கு 'பாசம்' இல்லாத அடியே இல்லை.

மகள் புகைப்படம் அனுப்பச் சொல்லி விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கிரீடத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன். "மூஞ்சி எங்கப்பா?" என்று பதில் வந்தது.

நவம்பர் 13

நாலரையில் ஆடினோம். மழைக்கு நடுவிலும் மண்டபத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். முதல் விருத்தத்தில் குரல் கரகரத்தது. கூட்டம் அதை வேடத்துக்குச் சேர்ந்த கரகரப்பு என்று எடுத்துக்கொண்டதாகப் பபூன் சொல்கிறார். தர்க்கம் நன்றாக இருந்தது. 'தந்தேன்' விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அதன் பிறகு கூட்டத்தில் எழுந்த சிரிப்பு, ஒரு பெரிய ஆள் மாட்டிக்கொண்டதைப் பார்த்த சிரிப்பு. வாத்தியார் சொன்னதுதான் சரி என்று அப்போது பட்டது. முன்வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். குழந்தை கடைசிவரை தூங்கியது. நான் அந்தப் பக்கம் பார்க்காமலேயே பாடினேன்.

நவம்பர் 14

வேடத்தை மண்டபத்திலேயே கலைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டு, மறுபடியும் எண்ணெய் போட்டும் காது மடலுக்குப் பின்னாலும் கண்ணோரத்திலும் நீலம் விடவில்லை. பேருந்து நிலையத்துக் குழாயில் துண்டை நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பேருந்தை விட்டேன். வீட்டுக் கதவைத் திறந்தவள் மகள். "கண்ணுல மை இருக்குப்பா" என்று கிட்டே வந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

இவள் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.

நவம்பர் 16

வலி இன்னும் எடுக்கவில்லை. தலை இறங்கிவிட்டது என்கிறார் மருத்துவர்.

வாத்தியார் பேசினார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் 23ஆம் தேதி ஆட அழைத்திருக்கிறார்களாம். மூன்று மணி நேரக் கட்டுப்பாடு கிடையாதாம். வெட்டிய பாட்டெல்லாம் உண்டு, ஆனால் சுருதி ஐந்துதானாம். வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். நாளைக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இவளிடம் கேட்டதற்கு, "அன்னிக்கு நாம எங்க இருப்போம்னு யாருக்குங்க தெரியும்?" என்றாள். மகள் உள்ளேயிருந்து, ஒத்துக்கொள்ளுங்கள், நான் வந்து பார்க்கப் போகிறேன் என்று கத்துகிறாள்.