விரிசல் விட்ட மணியும் மேலமாசி வீதி மண்டபமும்

அமெரிக்காவில் நியூஜெர்சியின் எடிசன் ஊருக்குக் குடிவந்து இரண்டு வருஷமாகிறது. ஃபிலடெல்பியா ஒன்றரை மணி நேரத் தூரம்தான், ஆனாலும் இன்னும் பார்த்தபாடில்லை. பக்கத்தில் இருக்கிற ஊர் என்றாலே அப்படித்தான். மதுரையில் இருந்தவரை நான் திருமலை நாயக்கர் மகாலுக்குள் போனதே ஒரே ஒரு தடவை, அதுவும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனது.

இப்போது அம்மா வந்திருக்கிறார். வந்து மூன்று மாதம், பார்த்தது காஸ்ட்கோ கடையும் கோயிலும்தான். சனி, ஞாயிறு இரண்டு நாள் போய் வரலாம் என்று திட்டம் போட்டோம்.

1776இல் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்ட இன்டிபென்டன்ஸ் ஹாலுக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும். தலைக்கு ஒரு டாலர் முன்பதிவுக் கட்டணம், அவ்வளவுதான். ஒரு டாலர்தானே என்று அசட்டையாக இருந்ததில் காலை நேரமெல்லாம் போய்விட்டது. மூன்றரை மணிக்குத்தான் கிடைத்தது. எதிரே இருக்கும் லிபர்ட்டி பெல் என்ற சுதந்திர மணியைப் பார்க்கச் சீட்டு வேண்டாம், வரிசையில் நின்றால் போதும்.

"அந்த மணியில என்ன விசேஷம்?" என்றார் அம்மா.

1752இல் லண்டனிலிருந்து வரவழைத்தது, அடித்துப் பார்த்தபோதே விரிசல் விட்டது, உருக்கி மறுபடி வார்த்தார்கள், அதுவும் பின்னால் விரிசல் விட்டது என்று சொன்னேன்.

"பின்னப்பட்டதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? நம்ம ஊர்ல அதை ஆத்துல விட்டுருப்பாங்க."

அவ்வளவுதான், மூட்டு வலி, நீங்க மட்டும் போயிட்டு வாங்க என்று ஆரம்பித்துவிட்டார்.

அன்றிரவு ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று தேடினேன். செவ்வாய், புதன் விடுமுறை. அதோடு கண்ணில் பட்டது, அங்கே உள்ளே வைத்திருக்கும் மதுரை மதனகோபால சுவாமி கோயில் மண்டபம். 16ஆம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்துக் கருங்கல் தூண்கள். கோயில் வளாகத்தில் கழற்றிப் போட்டுக் கிடந்தவற்றை 1912இல் ஊர் சுற்ற வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற ஃபிலடெல்பியாப் பெண்மணி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியிருக்கிறார். அவர் இறந்த பிறகு 1919இல் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். யார் விற்றது, எந்தத் தைரியத்தில் விற்றது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கி ஒவ்வொரு தூணாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மேலமாசி வீதி மதனகோபாலரா? கல்யாணமான புதுசுல தினம் போவேன்டா. இங்க எப்படி வந்துச்சு?"

அதற்கப்புறம் மூட்டு வலிப் பேச்சே இல்லை. அருங்காட்சியகத்தின் முன்வாசலில் 72 படி, சினிமாவில் ராக்கி ஓடி ஏறுவானே, அதே படிகள். பையன் ஏறட்டும். அம்மாவைப் பின்பக்க வாசல் வழியாகக் கூட்டிப்போகலாம். அது ஞாயிறு. சனிக்கிழமையே ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டை முடித்துவிட வேண்டும், அங்கே கடை வைத்திருக்கும் ஆமிஷ்காரர்கள், பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவப் பிரிவினர், ஞாயிறு கடை திறப்பதில்லை. அங்கே கண்ணெதிரே மாவைத் திரித்து முறுக்கி வெண்ணெய் தடவித் தரும் பிரெட்சல் அம்மாவுக்குப் பிடிக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று புளியோதரையும் உண்டு.

ரயிலில் போகிறோம். ட்ரென்டனில் மாற வேண்டும், ஆனால் பார்க்கிங்குக்கு அழ வேண்டியதில்லை.

நேற்று அம்மாவின் கைப்பையை எடுத்து வைக்கும்போது உள்ளே ஒரு கற்பூரப் பொட்டலமும் தீப்பெட்டியும். மணியைப் பார்க்கப் போகிற இடத்தில் பையைச் சோதிப்பார்கள் அம்மா என்று வெளியே எடுத்தேன்.

"கொளுத்த மாட்டேன்டா, சும்மா காட்டிட்டு வரேன்" என்று திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். தீப்பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டார்.